எஞ்சினை அணைத்துவிட்டு டீ குடிக்கப் போங்கள்: டெல்டா ஓட்டுநர்களுக்கு ஒரு காபித்தூள் கடைக்காரனின் திறந்த மடல்

டெல்டா மாவட்டங்களில் பஸ், மினிபஸ், ஸ்கூல் வேன், நெல் லாரி ஓட்டுகிற தம்பிகளுக்கும், வண்டியைக் கொடுத்து அனுப்புகிற டிப்போ அதிகாரிகளுக்கும், முதலாளிமாருக்கும் வணக்கம்.

தஞ்சாவூருக்கும் மாயவரத்துக்கும் நடுவில் ஒரு ஊர். அங்கே பஸ் ஸ்டாண்டுக்கு நேர் எதிரே 34 வருஷமாகக் காபிக்கொட்டை வறுத்து, அரைத்து விற்கிறேன். ஊர்ப் பெயரை வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன். சொன்னால் அந்த ஸ்டாண்டு ஓட்டுநர்களை மட்டும் குறை சொல்கிறேன் என்று ஆகிவிடும். கும்பகோணம், திருவாரூர், மன்னார்குடி, பட்டுக்கோட்டை எங்கே போனாலும் இதே கதைதான்.

வறுவல் பதம் பார்ப்பது கண் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். கண் பாதிதான், மிச்சம் மூக்கு. டிரம்மில் கொட்டையைப் போட்டதும் முதலில் பச்சைப்புல் வாடை வரும். கொஞ்ச நேரத்தில் அது வைக்கோல் வாடையாக மாறும். அப்புறம் பேக்கரி வாசலில் நிற்கிற மாதிரி ஒரு மணம். கொட்டை படபடவென்று வெடிக்க ஆரம்பித்ததும் ஒரு தித்திப்பு கிளம்பும். அதற்குப் பிறகு ஒன்றிரண்டு நிமிஷம்தான், விட்டால் தீய்ந்துவிடும். என் அப்பா இதைச் சொல்லித் தந்தபோது டிரம் பக்கத்தில் என்னைக் கண்ணை மூடி நிற்க வைத்தார். "இப்ப என்ன வாசனைடா வருது?" என்று கேட்பார். தப்பாகச் சொன்னால் பதில் சொல்லமாட்டார், கொட்டையை ஒரு தடவை கிளறிவிட்டு மறுபடியும் கேட்பார்.

போன தை மாதம் ஒரு மெஸ்காரர் ஐந்து கிலோ தூளைத் திருப்பிக் கொண்டுவந்தார். "அண்ணே, தீஞ்ச வாடை அடிக்குது, டிகாக்ஷன் ஒரே கசப்பு." பொட்டலத்தைப் பிரித்து மூக்குக்கிட்டே வைத்தேன். எனக்கு நன்றாகத்தான் இருந்தது. பக்கத்துக் கடைப் பையனைக் கூப்பிட்டு மோந்து பார்க்கச் சொன்னேன். முகத்தைச் சுளித்தான். அன்றைக்கு அந்தத் தூளைக் கீழே கொட்டியதைவிட, அது தீய்ந்தது எனக்குத் தெரியவில்லையே என்பதுதான் உள்ளே உறுத்தியது.

இரண்டு வாரம் கழித்து வீட்டில் இன்னொன்று. சென்னையிலிருந்து வந்திருந்த பேத்தி வாசற்படி ஏறும்போதே "தாத்தா, கேஸ்!" என்று கத்தினாள். அடுப்பில் பால் பொங்கி நெருப்பு அணைந்திருக்கிறது, குமிழ் திறந்தபடியே இருக்கிறது. நான் மூன்றடி தள்ளி உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறேன். சமையல் எரிவாயுவுக்கு இயல்பில் வாசனை கிடையாது. கசிந்தால் மூக்குக்குத் தெரியட்டும் என்றுதான் எத்தில் மெர்காப்டன் என்கிற நாற்றப் பொருளைக் கலந்து அனுப்புகிறார்கள். என்னைப் போன்றவர்கள் வீட்டில் அந்த ஏற்பாட்டுக்கு ஒரு பயனும் இல்லை.

காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போனேன். சர்க்கரை இருக்கிறதா, கொரோனா வந்ததா, மூக்கில் சதை வளர்ந்திருக்கிறதா, தலையில் அடிபட்டதா என்று வரிசையாகக் கேட்டார். "புகை பிடிப்பீங்களா?" என்றார். "நான் பிடிக்கிறதில்லை டாக்டர், எதிர்த்த பஸ் ஸ்டாண்டிலிருந்து அதுவே என்னைப் பிடிக்குது" என்றேன். அவர் சிரிக்கவில்லை. கடை ரோட்டிலிருந்து எத்தனை அடி, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் அங்கே உட்கார்கிறேன், வண்டிகள் நிற்கும்போது எஞ்சின் ஓடுமா என்றெல்லாம் குறித்துக்கொண்டார்.

நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். எனக்கு 61 வயது. 2021-இல் கொரோனா வந்து பத்து நாள் மூக்கு செத்துக் கிடந்து திரும்பி வந்தது. காபி டிரம்மின் புகையும் புகைதான். என் மூக்கு மழுங்கியதற்கு உங்கள் சைலன்சர் மட்டுமே காரணம் என்று எந்தக் கோர்ட்டிலும் நான் நிரூபிக்க முடியாது. ஆனால் டாக்டர் சொன்ன பிறகு பேத்தியை உட்கார வைத்துக்கொண்டு படித்தவற்றை நினைத்தால், இந்தக் கடிதத்தை எழுதாமல் இருக்க முடியவில்லை.

மூக்குக்குள் நடப்பது இதுதான். வாசனை பிடிக்கிற இடம் மூக்குத் துவாரத்தில் இல்லை. மேலே உச்சியில், இரண்டு கண்ணுக்கும் நடுமட்டத்தில், ஒரு தபால் தலை அளவுச் சவ்வில் இருக்கிறது. அதற்கு மேல் கூரை மாதிரி ஒரு மெல்லிய எலும்பு, அதில் பொடிப்பொடியாகத் துளைகள். பித்தளைக் காபி ஃபில்டரை நினைத்துக்கொள்ளுங்கள், மேல் கிண்ணத்தின் அடியில் இருக்குமே, அப்படி. ஃபில்டரில் டிகாக்ஷன் கீழே இறங்குகிறது, இங்கே நரம்பு இழைகள் மேலே ஏறுகின்றன. ஏறி மூளையின் அடியில் இருக்கிற முகர்வுக் குமிழில் போய்ச் சேர்கின்றன. வெளிக்காற்று நேராகப் படுகிற நரம்பு நம் உடம்பில் இது ஒன்றுதான். கண்ணுக்கு முன்னால் விழி வெண்படலம் இருக்கிறது, காதுக்குச் செவிப்பறை இருக்கிறது. மோப்ப நரம்புக்கு மேலே கொஞ்சம் சளி, அவ்வளவுதான் காவல். அடிபட்டுக்கொண்டே இருப்பதால் இந்த நரம்பு அணுக்கள் சில வாரங்களுக்கு ஒரு தடவை செத்துப் புதிதாக முளைக்கின்றன. முளைக்க விடாமல் தினமும் புகையைப் போட்டுக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? குறுவை நட்ட வயலில் தினம் மாட்டை ஓட்டிவிட்டால் என்ன ஆகுமோ அதுதான்.

மெக்சிகோ நகரத்தில் ஒரு ஆய்வு செய்திருக்கிறார்கள், 2006-இல் வெளிவந்தது. அந்த ஊர்க்காரர்களையும், காற்று சுத்தமாக இருக்கிற திலாஸ்கலா என்கிற பகுதிக்காரர்களையும் ஒப்பிட்டார்கள். எதை மோந்து பார்க்கச் சொன்னார்கள் தெரியுமா? காபி! இன்ஸ்டன்ட் காபியைத் தண்ணீரில் மிகக் குறைவான அளவிலிருந்து கரைத்துக்கொண்டே போய், எந்தக் கட்டத்தில் வாசனை தெரிகிறது என்று பார்த்தார்கள். ஆரஞ்சுப் பானத்திலும் அப்படியே. திலாஸ்கலாக்காரர்களுக்குச் சீக்கிரமே தெரிந்துவிட்டது. நகரத்துக்காரர்களுக்கு இன்னும் கெட்டியாகக் கரைக்க வேண்டியிருந்தது. அவர்கள் நாட்டில் ஒர்ச்சாட்டா, அட்டோலே என்று கிட்டத்தட்ட ஒரே மணமுள்ள இரண்டு பானங்கள் உண்டு. அந்த இரண்டையும் வேறுபடுத்திச் சொல்வதிலும் நகரத்துக்காரர்கள் பின்தங்கினார்கள். இதைப் பேத்தி படித்துச் சொன்னபோது பிளாண்டேஷன், பீபெரி என்கிற இரண்டு வகைக் காபிக்கொட்டையை வாசனையில் பிரிக்கத் தெரிந்த என் பழைய மூக்கு நினைவுக்கு வந்தது. இன்ஸ்டன்ட் காபியை வைத்துச் சோதித்தார்களே என்று ஒரு வருத்தம் எனக்கு, அது வேறு விஷயம்.

2021-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் முருகப்பன் ராமநாதன் என்கிற மூக்கு மருத்துவரின் குழு இன்னொன்று செய்தது. 2,690 பேரை எடுத்துக்கொண்டார்கள். அவர்களில் 538 பேருக்கு வாசனை அறவே போயிருந்தது. யார் யார் எந்த ஊர்க் காற்றில் எத்தனை வருஷம் இருந்தார்கள் என்று கணக்கிட்டபோது, பிஎம் 2.5 என்கிற நுண்துகள் அதிகமுள்ள இடத்தில் நெடுநாள் இருந்தவர்களுக்கு வாசனை போகிற வாய்ப்பு 1.6-இலிருந்து 1.7 மடங்கு இருந்தது. வயது, சிகரெட் எல்லாவற்றையும் கழித்துவிட்டுத்தான் இந்தக் கணக்கு. பிஎம் 2.5 என்றால் இரண்டரை மைக்ரானும் அதற்குக் கீழும். தலைமுடி ஒன்றின் தடிமனில் இருபதில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கண்ணால் பார்க்கிற கறுப்புப் புகையைவிட, பார்க்க முடியாத இதுதான் உள்ளே போகிறது.

மூக்கோடு நின்றால்கூடப் போகட்டும், வயசாகிவிட்டது என்று விட்டுவிடலாம். நிற்கவில்லை. இங்கிலாந்தில் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தின் பார்பரா மேஹர் குழு 2016-இல், மெக்சிகோ நகரத்திலும் மான்செஸ்டரிலும் வாழ்ந்து இறந்த 37 பேரின் மூளைத் திசுவை நுண்ணோக்கியில் பார்த்தது. அதில் மேக்னடைட் என்கிற இரும்பு ஆக்சைடு உருண்டைகள் கிடந்தன. நம் உடம்பே இந்த மேக்னடைட்டைக் கொஞ்சம் உண்டாக்கும், ஆனால் அது முனைகளும் பட்டைகளும் உள்ள படிகமாக இருக்கும். இவை உருண்டையாக, உருகி ஆறிய சொட்டு மாதிரி இருந்தன. அவ்வளவு சூடு எஞ்சின், பிரேக் மாதிரி இடங்களில்தான் உண்டு. மோப்ப நரம்பு வழியாக ஏறியிருக்கலாம் என்கிறார்கள். இதனால்தான் மறதி நோய் வருகிறது என்று அவர்கள் முடிவு கட்டவில்லை. எனக்கு அதுவரை போக வேண்டியதில்லை. சைலன்சரில் இருக்க வேண்டியது மண்டைக்குள் இருக்கிறது என்பதே போதும்.

ஆனால் மறதி நோய்க்கும் ரோட்டுக்கும் உள்ள தொடர்பைத் தனியாகப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள். கனடாவின் ஒண்டாரியோவில் 66 லட்சம் பேரின் கணக்கைப் பார்த்த ஒரு ஆய்வு 2017-இல் சொன்னது: பெரிய ரோட்டிலிருந்து 50 மீட்டருக்குள் குடியிருப்பவர்களுக்கு டிமென்ஷியா வருகிற வாய்ப்பு, 300 மீட்டருக்கு அப்பால் இருப்பவர்களைவிட 7 சதவீதம் கூடுதல். தள்ளிப் போகப் போக அது குறைந்துகொண்டே வருகிறது. 7 சதவீதம் பெரிசா என்று கேட்பீர்கள். ஒரு ஆளுக்குப் பெரிசில்லை. ஆனால் நம் ஊர்களை நினைத்துப் பாருங்கள். கும்பகோணம் – மாயவரம் பழைய ரோட்டில் எத்தனை வீட்டுத் திண்ணை ரோட்டிலேயே இறங்குகிறது? 50 மீட்டர் என்பது கனடாக்காரனுக்கு ஒரு அளவு. நமக்கு அதற்குள் பூக்கடை, பள்ளிக்கூடம், கோயில், ரெண்டு டாக்டர் கிளினிக் எல்லாம் வந்துவிடும்.

"இது டெல்லி இல்லையே அண்ணே, சுத்தி வயக்காடுதானே" என்று ஒரு தம்பி என்னிடம் சொன்னான். வயல் இருப்பது ஊருக்கு வெளியே. பஸ் நிற்பது ஊருக்கு நடுவே. மார்கழி விடிகாலையில் பனி மூடியிருக்கும்போது புகை மேலே ஏறாமல் தலைமட்டத்தில் படுத்துக்கிடப்பதைக் கடை ஷட்டரைத் தூக்கும்போதே பார்க்கிறேன். குளிர்ந்த காற்று கீழேயும் சூடான காற்று மேலேயும் இருந்தால் அப்படித்தான், மூடி போட்ட பாத்திரம் மாதிரி. அப்புறம், நம் நாட்டுச் சட்டம் பிஎம் 2.5-க்கு வருஷ சராசரியாக கன மீட்டருக்கு 40 மைக்ரோகிராம் வரை சரி என்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் போட்ட வரம்பு 5. ஆகவே "வரம்புக்குள்தான் இருக்கு" என்று யாராவது சொன்னால், எந்த வரம்பு என்று கேட்கப் பழகிக்கொண்டேன்.

இந்தப் புகையில் முதல் ஆள் நானில்லை, நீங்கள்தான். நான் பத்தடி தள்ளி இருக்கிறேன். நீங்கள் போனட் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள், பழைய வண்டியில் அந்த மூடியின் இடுக்கு வழியாகச் சூடும் வாடையும் உங்கள் கால்மாட்டில் வருகிறது. டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2012-இலேயே முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 25 பேரை இரண்டு மணி நேரம் நீர்த்த டீசல் புகையில் இருக்க வைத்து, மூளையை ஸ்கேன் எடுத்தார்கள். முடிவு 2023-இல் வந்தது. மூளையின் பகுதிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வது அந்த இரண்டு மணி நேரத்திலேயே குறைந்திருந்தது. சுத்தமான காற்றை சுவாசித்தபோது குறையவில்லை. இந்த மாற்றம் தற்காலிகம்தான். ஆனால் உங்களுக்கு ஷிப்ட் இரண்டு மணி நேரமா?

ஸ்கூல் வேன் தம்பிகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பார்சிலோனாவில் 39 பள்ளிகளில் 2,715 குழந்தைகளை ஒரு வருஷம் கவனித்தார்கள், 2015-இல் வெளிவந்தது. புகை குறைவான பள்ளிப் பிள்ளைகளின் நினைவாற்றல் ஒரு வருஷத்தில் 11.5 சதவீதம் வளர்ந்தது. புகை அதிகமான பள்ளியில் 7.4 சதவீதம். வகுப்பறையில் வாய்ப்பாடு மனப்பாடம் செய்கிற பிள்ளை ஜன்னல் வழியாக எதை இழுக்கிறது என்பது பள்ளி வாசலில் வேனை நிறுத்தி ஏ.சி.க்காக எஞ்சினை ஓட விடுகிற உங்கள் கையில் கொஞ்சம் இருக்கிறது. நெல் லாரிக்காரர்களும் அப்படித்தான். கொள்முதல் நிலைய வாசலில் ராத்திரி முழுக்க வரிசையில் நிற்பது உங்கள் தப்பில்லை. வரிசை நகராதபோதும் எஞ்சின் ஓட வேண்டியதில்லை.

அணைக்காததற்குக் காரணம் இருக்கிறது, அதையும் பேசிவிடுவோம். வண்டி நிற்கிற நேரத்தில் உங்களோடு டீ குடித்தபடி கேட்டுத் தெரிந்துகொண்டதுதான் இது. ஒன்று, செல்ஃப் எடுக்காது. பேட்டரி வீக்காக இருக்கும், அணைத்துவிட்டால் கண்டக்டரும் நாலு பயணிகளும் இறங்கித் தள்ள வேண்டும், டைம் போய்விடும், மேலே பதில் சொல்ல வேண்டும். இரண்டு, ஏர் பிரேக். எங்கோ லீக் இருந்தால் அணைத்த கொஞ்ச நேரத்தில் காற்று இறங்கிவிடும், மறுபடி ஏற எஞ்சினை ஓட்டித்தான் ஆக வேண்டும். மூன்றாவது, சும்மா பழக்கம்.

மூன்றாவதை உங்களிடம் விடுகிறேன். முதல் இரண்டும் டிப்போவுக்கும் முதலாளிக்கும். ஐயா, நல்ல பேட்டரி, சரியான செல்ஃப் மோட்டார், காற்று ஒழுகாத பிரேக் லைன் இந்த மூன்றும் இருந்தால் ஒரு ஓட்டுநரை 'ஏன் அணைக்கவில்லை' என்று கேட்க உங்களுக்கு உரிமை வரும். இல்லாமல் ஸ்டாண்டில் "எஞ்சினை அணைக்கவும்" என்று போர்டு மட்டும் மாட்டினால் அதன்மேல் பான்பராக் துப்புவார்கள், அவ்வளவுதான். 2020 ஏப்ரல் 1-க்குப் பிறகு விற்கிற வண்டி எல்லாம் பிஎஸ்-6 என்கிற கடுமையான புகை விதிப்படி செய்தவை. அந்த டீசல் வண்டிகளில் துகளைப் பிடிக்க வடிகட்டி இருக்கிறது, நல்லதுதான். ஆனால் அதற்கு முன்னால் வாங்கியவை இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றனவே. அந்தப் பழைய எஞ்சின் நின்ற இடத்தில் மெதுவாக ஓடும்போது சூடு ஏறாது, டீசல் சரியாக எரியாது. ஓடுகிற வண்டியின் புகை ரோடு முழுக்கப் பரவும். நிற்கிற வண்டியின் புகை நிற்கிற இடத்திலேயே நிற்கும், அங்கேதான் ஆளும் நிற்கிறார்கள். பழைய வண்டியை ஊருக்குள் நிற்காத ரூட்டில் போடவும், புகைச் சான்றிதழ் வாங்கும்போது உண்மையிலேயே குழாயை நுழைத்துப் பார்க்கவும் உங்களால் முடியும். வருகிற 2028-இல் மகாமகம். அன்றைக்கு கும்பகோணத்தைச் சுற்றி எத்தனை ஆயிரம் பஸ் நிற்கப்போகிறது என்று உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தற்காலிக ஸ்டாண்டு எங்கே போடலாம் என்று பேசுகிற கூட்டத்திலேயே இதையும் ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள்.

எனக்கு டாக்டர் கொடுத்தது மாத்திரை அல்ல, ஒரு பயிற்சி. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்து மருத்துவர் தாமஸ் ஹும்மல் 2009-இல் எழுதிய முறை: ரோஜா, யூகலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு, இந்த நாலையும் காலையிலும் ராத்திரியிலும் மோந்து பார்க்க வேண்டும், மனசை அதிலேயே வைத்து, குறைந்தது 12 வாரம். நான் பன்னீர் ரோஜா, தைல பாட்டில், தோட்டத்து எலுமிச்சை, கிராம்பு என்று நாலு கிண்ணத்தில் வைத்திருக்கிறேன். வீட்டுக்காரி ஐந்தாவதாக ஒரு கிண்ணம் வைத்தாள், மரிக்கொழுந்து. தஞ்சாவூர்க் கதம்பத்திலிருந்து உருவியது. "இது தெரிஞ்சா எல்லாம் தெரிஞ்ச மாதிரி" என்றாள். ஒன்பதாவது வாரம் கிராம்பு தெரிந்தது, தெளிவாக. எலுமிச்சை ஒரு நாள் வருகிறது, ஒரு நாள் வருவதில்லை. ஜூன் மாதம் மேட்டூர்த் தண்ணி எங்கள் வாய்க்காலுக்கு வந்தபோது காய்ந்த மண் நனைகிற வாசனை வந்ததா என்று பேத்தி போனில் கேட்டாள். வந்தது என்று சொன்னேன். உண்மையில் பாதி வாசனை, பாதி ஞாபகம்.

டீ குடிக்க வருகிறவர்களில் ஒருவர் மாயவரம் ரூட்டில் முதல் ட்ரிப் எடுக்கிறவர். ரெண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டே இருந்தேன், சிரித்துவிட்டுப் போவார். போன வாரம் அவருடைய வண்டிக்குப் புது பேட்டரி வந்ததாம். காலை 5 மணிக்கு ஸ்டாண்டில் வந்து நின்றதும் எஞ்சினை அணைத்துவிட்டு, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்கு வந்தார். "அண்ணே, இன்னும் பன்னெண்டு நிமிஷம் இருக்கு" என்றார். பீபெரி வறுக்க அந்தப் பன்னெண்டு நிமிஷம் போதும். டிரம்மைப் போட்டேன்.

இப்படிக்கு,
பஸ் ஸ்டாண்டு எதிர்க்கடைக்காரன்